பையன் ஒண்ணுக்கு எப்படிப் போறான்?

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் கேட்பதற்கென்றே சில கேள்விகள் உண்டு. எடை எவ்வளவு, சுகப்பிரசவமா ஆபரேசனா, பால் நல்லாக் குடிக்கானா, ராத்திரி தூங்கவிடுதானா, யார் ஜாடை. வயதானவர்கள் என்றால் வெளிக்குப் போகிறானா, என்ன நிறத்தில் போகிறான் என்பதுவரை கேட்டுவிடுவார்கள். ஆண் குழந்தை ஒண்ணுக்குப் போகும்போது நீர் வீச்சாக வருகிறதா, சொட்டுகிறதா என்று மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் தங்கை மகனுக்கு வந்ததைப் பார்த்த பிறகு நான் அதைக் கேட்க ஆரம்பித்தேன். காதுகுத்து வீட்டில் கேட்பேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன். ஆண்பிள்ளை இதையெல்லாம் விசாரிப்பானா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. ஒவ்வொரு ஆண் குழந்தையின் வீட்டிலும் இது கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இன்றுவரை மாற்றமில்லை.

மருமகனுக்கு இருந்தது பிறவியிலேயே வரும் ஓர் அடைப்பு. டாக்டர்கள் சுருக்கமாக பி.யூ.வி. (போஸ்டீரியர் யுரித்ரல் வால்வ்ஸ்) என்பார்கள், வார்டில் இருக்கும் அம்மாக்களுக்கு அது ‘வால்வு’. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் மேல்பகுதியில், ஆண் குழந்தைகளுக்கு மட்டும், கரு வளரும்போதே மெல்லிய சவ்வு மடிப்புகள் குறுக்கே நின்றுவிடுகின்றன. 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கும் என்று கணக்கு. அமெரிக்காவில் பால்டிமோரில் இருந்த ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற அறுவை மருத்துவர் 1919-இல் தம் சகாக்களோடு இதை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். அந்தப் பிரிவைத்தான் இன்றும் சொல்கிறார்கள். பெரும்பாலான பையன்களுக்கு இருப்பது முதல் வகை.

மடைப் பலகை பாதி இறங்கியே நின்றுவிட்ட வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் மேலே தேங்கித் தேங்கிக் கரை வீங்கும். சிறுநீர்ப்பை அந்தச் சவ்வை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துப் போகிறது. அழுத்தம் மேலேறி இரண்டு சிறுநீரகங்களும் வீங்குகின்றன. இதெல்லாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. குழந்தை வெளியே வந்து முதல்முறை அழுவதற்குள் சிறுநீரகத்தில் ஒரு பகுதி திரும்ப வராதபடி கெட்டிருக்கக்கூடும்.

ஸ்கேன் தாளில் ஒரு வரி

தங்கைக்கு முதல் பிரசவம், எங்கள் வீட்டில்தான். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றிக்கொண்டே மகளைக் கவனித்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம் எடுத்த ஸ்கேனில் எந்தக் குறையும் சொல்லவில்லை. இந்த அடைப்பு அந்த மாதத்தில் தெரியாமல் பிறகு தெரிவது உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டோம். எட்டாம் மாதத்து ஸ்கேனில் ஒரு வரி இருந்தது: இரண்டு சிறுநீரகத்திலும் நீர் கோத்திருக்கிறது, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது, பனிக்குட நீர் கொஞ்சம் குறைவு. ஸ்கேன் எடுத்த இடத்தில் “சிலதுக்கு இருக்கும், பொறந்தப்புறம் தானா சரியாயிரும்” என்று சொல்லி அனுப்பினார்கள். பிரசவம் பார்த்த இடத்தில் அந்தத் தாளை ஃபைலில் வைத்ததோடு சரி.

அந்த வரியை நான் பிறகு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நடுமாதங்களுக்கு மேல் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது குறைந்தால் குழந்தை போதுமான அளவு வெளியேற்றவில்லை என்று அர்த்தம் வரலாம். மிகவும் குறைந்தால் நுரையீரலே சரியாக வளராது. இரண்டு சிறுநீரகமும் வீங்கி, சிறுநீர்ப்பையும் காலியாகாமல் நின்றால் கீழே அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த அடைப்பு ஆண் குழந்தைக்கு மட்டுமே வருவது, ஆனால் நம் நாட்டில் 1994-ஆம் வருடச் சட்டப்படி வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற வந்த சட்டம் அது, ஒரு எழுத்துகூடத் தளரக் கூடாது என்பதே என் எண்ணம். ஆணா பெண்ணா என்று சொல்லாமலேயே இப்படி எழுதித் தரலாமே: குழந்தை பிறந்த ஓரிரு நாளில் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும், எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த ஒரு வரி எங்கள் கையில் இருந்திருந்தால் நாங்கள் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். வயிற்றில் இருக்கும்போதே சிசுவின் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்து வடிக்கும் முறைகூடச் சில பெரிய மையங்களில் உண்டு. ஆனால் அது சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடும் என்ற உறுதி யாரும் தருவதில்லை. பிறந்த உடனே பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கக்கூடியது.

பையன் பிறந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். இரண்டாம் மாதத்திலிருந்து எடை ஏறவில்லை. இருமல், சளி எதுவும் இல்லாமல் காய்ச்சல் வரும். சொட்டு மருந்து கொடுத்தால் இறங்கும். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வரும். பார்த்த டாக்டர்கள் ஆன்டிபயாடிக் எழுதினார்கள். சிறுநீரை ஒருமுறையாவது பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒண்ணுக்குப் போகும்போது அழுகிறான் என்று தங்கை ஒரு தடவை சொன்னதற்கு, முன்தோல் ஒட்டியிருக்கிறது, வளர வளரச் சரியாகும் என்று பதில் வந்தது. கைக்குழந்தைகளுக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்புதான். ஆனால் அந்த இயல்பான விஷயத்தைச் சொல்லி, இயல்பில்லாத ஒன்றை மூடிவிட முடிகிறது. வீட்டில் சூடு என்றார்கள். தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் வைத்தார்கள், பாலாடையில் வெந்நீர் புகட்டினார்கள். அன்பினால் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா கேட்டது

நாலாம் மாதம் ஒரு காய்ச்சலில் பையன் துவண்டுவிட்டான். பால் குடிக்கவில்லை, மூச்சு வேகமாக வாங்கினான். “ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க” என்றார்கள். பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். போய்ச் சேரும்போது இரவு நேரம். குழந்தைகள் வார்டில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். காய்ச்சல் எத்தனை நாளாக, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, பையனின் இடுப்புத் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு தங்கையிடம் கேட்டார்: “ஒண்ணுக்குப் போறதைப் பாத்திருக்கீங்களா? எப்படிப் போவான்?”

தங்கை யோசித்தாள். பெரும்பாலும் டயபர்தான், கனமாக இருந்தால் மாற்றுவாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்கதானே குளிப்பாட்டுறீங்க? நீங்க சொல்லுங்க.”

அம்மா சொன்னாள்: “முக்குவான் டாக்டரம்மா. மூஞ்சி செவந்துரும். சொட்டுச் சொட்டாத்தான் வரும். நின்னுரும், பொறவு திரும்பச் சொட்டும். எம் பிள்ளையளக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனா எம் மூஞ்சிலல்லா அடிக்கும். இவன் ஒருநாளும் அப்படி அடிச்சதில்ல. சூடுன்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுப் பையனின் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மெல்ல அமுக்கினார். எங்கள் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே கெட்டியாக, மேடாக இருந்தது. அப்போதுதான் சொட்டச் சொட்டப் போயிருந்தான். அப்படியும் சிறுநீர்ப்பை நிரம்பியே இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பால் குடிக்க முடியாத குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் போடும் மெல்லிய குழாய் இருக்கிறதே, அதையே சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே விட்டு ஒட்டுப் போட்டார்கள். கலங்கிய நீர் வந்துகொண்டே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.8. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது. அந்த வயதில் அது அரைக்கும் கீழே இருக்க வேண்டும். பொட்டாசியம் ஏறியிருந்தது, ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தது. மூச்சு வாங்கியதும் அதனால்தான்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஸ்கேன் மிஷின் அங்கே மறுநாள் காலையில்தான் வேலைக்கு வந்தது. நோய் என்னவென்று இரவிலேயே தெரிந்துவிட்டது, ஒரு கேள்வியால். அதற்கான பதில் எங்கள் வீட்டிலேயே, தினமும் வெந்நீர் ஊற்றிய ஒருத்தியிடம், மாதக்கணக்காக இருந்திருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போகாதவள் என்பதால் டாக்டர் அறைக்குள் எப்போதும் பின்னால்தான் நிற்பாள். முன்னால் உட்கார்ந்து பேசுவது படித்த மகளோ, மாமன் நானோ. குழந்தையை அதிகம் பார்த்தவர் யார் என்று முதலில் கேட்டு, அவரிடம் பேசுகிற வழக்கம் வந்தால் எத்தனையோ நோய் முன்கூட்டியே பிடிபடும் என்று தோன்றுகிறது.

வெட்டிய பிறகு

உடனே ஆபரேசன் செய்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். செய்யவில்லை. முதலில் குழாய் வழியாக வடியவிட்டு, கிருமிக்கு ஊசி போட்டு, ரத்தத்தின் உப்பையும் அமிலத்தையும் சரிசெய்தார்கள். அடைப்பு நீங்கியதும் சிறுநீரகம் கட்டுப்பாடில்லாமல் நீரைக் கொட்டும் என்று எங்களுக்குத் தெரியாது. எவ்வளவு போகிறதென்று அளந்து, அதற்கு ஈடாகச் சலைன் ஏற்றினார்கள். நர்ஸம்மா மணிக்கு மணி வந்து அளந்து எழுதியது கண்ணிலேயே நிற்கிறது. உடம்பு தேறியதும் எக்ஸ்ரே அறையில் குழாய் வழியாக மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஏற்றி, அவன் ஒண்ணுக்குப் போகும் நேரம் பார்த்துப் படம் எடுத்தார்கள். இந்த நோயை உறுதிப்படுத்துவது அந்தப் படம்தான். தங்கை ஈயக் கவசம் போட்டுக்கொண்டு பையனின் கையைப் பிடித்திருந்தாள். படத்தில் சிறுநீர்ப்பை ஓரமெல்லாம் சுருங்கி மேடுபள்ளமாக இருந்தது. அதற்குக் கீழே குழாய் அகலமாக வீங்கி, பிறகு சட்டென்று மெலிந்துபோயிற்று. அந்தச் சட்டென்று மெலியும் இடம்தான் வால்வு. ஒரு பக்கச் சிறுநீரகத்துக்கு மருந்து பின்னோக்கி ஏறியிருந்தது.

பிறகு மயக்கம் கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய டெலஸ்கோப்பை விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். வெளியே தையல், தழும்பு ஒன்றுமில்லை. குறைமாதத்தில் பிறந்த சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கருவி நுழையாது. அவர்களுக்குச் சிறுநீர்ப்பையை அடிவயிற்றில் திறந்து வைத்து, வளர்ந்த பிறகு வால்வைப் பார்ப்பார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் எங்களுக்குப் பணம் பெரிய பாரமாகவில்லை.

வால்வு போய்விட்டது. ஊரில் எல்லோரும் சரியாயிடுச்சு என்றார்கள். இங்கேதான் இன்னொரு ஆபத்து. வெட்டியது கதவைத்தான், பல மாதம் அடைப்போடு போராடிய சிறுநீர்ப்பையும், வயிற்றுக்குள்ளேயே அடிபட்ட சிறுநீரகமும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தப் பையன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர்வரை வளர்ந்து ஆளாவதற்குள் சிறுநீரகச் செயலிழப்பு வரை போகிறார்கள். ஒரு வயதில் கிரியாட்டினின் 0.8-க்குக் கீழே வந்தால் நல்லது, 1.2-க்கு மேல் நின்றால் கவலைப்பட வேண்டும் என்று ஆபரேசன் செய்த டாக்டர் சொன்னார். எங்கள் பையனுக்கு 0.9 வந்தது. ஆகவே விடாமல் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராத்திரி ஒரு வேளை கிருமி மருந்து, எப்போது காய்ச்சல் வந்தாலும் முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர், சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறதென்று ஸ்கேன், ரத்த அழுத்தம், கிரியாட்டினின். சில பையன்களுக்குச் சிறுநீர்ப்பையைத் தளர்த்த மாத்திரை; அப்படியும் காலியாகவில்லை என்றால் வீட்டிலேயே தினமும் சிலமுறை குழாய் விட்டு வடிக்கப் பழக்குகிறார்கள். பார்க்க பயமாக இருக்கும். பழகிய அம்மாக்கள் சர்வ சாதாரணமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வராமல் நின்றுவிடுகிறவர்கள் நிறைய. கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஓ.பி. சீட்டுக்கு நின்று, பையன் ஓடியாடி விளையாடும்போது எதற்கு ஆஸ்பத்திரி என்று தோன்றத்தான் செய்யும். ஒருமுறை ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகனுக்கு ஒன்பது வயது. படுக்கையில் நனைத்துவிடுவான், பகலிலும் டவுசர் ஈரமாக இருக்கும். வீட்டில் அடித்திருக்கிறார்கள், பள்ளியில் பெஞ்சில் ஏற்றியிருக்கிறார்கள், கோயிலில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கடைசியில் வால்வு என்று தெரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்தே இருந்தது, ஒன்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை. “இவன் சோம்பேறின்னுல்லா நெனச்சோம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவர் பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டயபர் காலம்

டயபர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். ஆனால் கால் நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய வீடுகளில் ஆண் குழந்தையின் நீர் எப்படி வருகிறது என்பதை ஒருத்தி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். டயபருக்குள் வீச்சும் சொட்டும் ஒன்றுதான். எடை மட்டுமே தெரியும். ஆகவே தினமும் கொஞ்ச நேரம் துணியில்லாமல் விட்டுப் பாருங்கள். முக்குகிறானா, விட்டுவிட்டு வருகிறதா, சொட்டிக்கொண்டே இருந்து துணி எப்போதும் நசநசவென்று ஈரமாக இருக்கிறதா, போன பிறகும் அடிவயிறு மேடாக நிற்கிறதா. கையில் ஃபோன் இருக்கிறது, ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட அது உதவும். நீர் நன்றாக வருவதால் மட்டும் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலமாகத் தள்ளும் சிறுநீர்ப்பை சில காலம் ஏமாற்றும். கர்ப்பத்தில் ஸ்கேனில் நீர்கோப்பு சொல்லியிருந்தால் வீச்சு எப்படி இருந்தாலும் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

2013-இல் நாடு முழுக்கத் தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் பிறவிக் குறைபாடுகள் என்று ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இதயக் கோளாறு, கண்புரை, காது கேளாமை எல்லாம் வருகின்றன. சிறுநீர் அடைப்பு அந்த ஒன்பதில் இல்லை. எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் இதைச் சொன்னேன். நோட்டில் கட்டம் இல்லாவிட்டால் என்ன, வாயால் கேட்டுவிடுகிறேன் என்றார். இப்போது பச்சைப் பிள்ளை வீட்டுக்குப் போனால் பாட்டிமாரிடம் கேட்கிறார். அந்தக் கேள்வி நோட்டிலேயே அச்சாகி வர வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

பையனுக்கு இப்போது 11 வயது, ஆறாம் வகுப்பு. கிரியாட்டினின் 1.0-இல் நிற்கிறது. சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிவதால் தினமும் ஒரு மாத்திரை. அவன் சிறுநீரகம் நீரைச் சுண்டவைக்கத் தெரியாதது. நிறையக் குடிப்பான், நிறையப் போவான். அக்னி நட்சத்திரத்தில் அவனுக்குத் தண்ணீர் குறைந்தால் சோர்ந்துவிடுவான். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். போய் முடித்து இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை போக வேண்டும். புதுப் பள்ளியில் இதுதான் சிக்கல். பாட நேரத்தில் எழுந்தால் திட்டு, இடைவேளையில் போனால் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது என்று அடக்கிக்கொண்டு வர ஆரம்பித்தான். டாக்டரிடம் கடிதம் வாங்கி, தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு, கேட்காமலே எழுந்து போகலாம் என்று சொல்லி, ஆசிரியர் அறைக் கழிப்பறைச் சாவியையும் கொடுத்தார். கடிதத்தின் நகல் ஒன்று அவன் பையில் இருக்கிறது. அடுத்த வருடம் ஆசிரியர் மாறினால் அதைக் கொண்டுபோய் நானே திரும்பக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.